திரையில் ஓடும் பந்தயக் கார்

இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966ஆம் ஆண்டில் புனே நகரில் நிறுவப்பெற்றது. வாகனத்தைச் சோதிப்போர் போற்றும் நெறியொன்று, கணினித் திரையில் பந்தயக் கார் ஓட்டும் இளைஞருக்கும் பொருந்தும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கார் அடங்காதபோது பலவற்றையும் ஒருங்கே மாற்றத் தோன்றும். பிறகு குணம் கண்டாலும் கேடு கண்டாலும் காரணம் விளங்காது.

காரைக் குறை கூறுமுன் நம் கைச்சக்கரத்தைப் பார்ப்போம். அதன் சுழற்சி அளவும் பிரேக் மிதியின் அளவும் விளையாட்டின் அமைப்போடு ஒத்திருத்தல் வேண்டும். அடுத்து, டயர்கள் சூடேறச் சில சுற்றுகள் ஓட்டுவோம். குளிர்ந்த டயரைக் கொண்டு முடிவு கூறலாகாது.

பின்னர், வளைவின் எப்பகுதியில் தொல்லை எனக் காண்போம். பிரேக் பிடித்து நுழைகையில் பின்புறம் வழுக்கினால், பிரேக் விசையைச் சிறிது முன்சக்கரங்களுக்கு மாற்றலாம். நடுவளைவில் கார் திரும்ப மறுத்து வெளியே விலகினால், கார் பக்கவாட்டில் சாயாது தடுக்கும் முன்புறக் கம்பியின் இறுக்கத்தைக் குறைக்கலாம். பின்சக்கரங்களால் உந்தப்படும் கார், வளைவை விட்டு வெளியேறுகையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்புறம் வீசினால், பின்புறக் கம்பியை அவ்வாறே இளக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே பாதையில் சில சுற்றுகள் ஓட்டி, விளைவைக் குறித்துக்கொள்வோம்.

திரையில் கார் சுழன்றால் இழப்பது சில விநாடிகளே. சாலையில் அவ்வாறன்று. ஆதலால், பொறுமையுடன் காரணம் தேடும் பழக்கத்தைத் திரையிலேயே கற்றுக்கொள்வது நலம்.