உங்களுக்குத் தெரியுமா? போரை எதிர்த்த கடற்படைத் தளபதி

1990 முதல் 1993 வரை இந்தியக் கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் எல். ராம்தாஸ், ஓய்வுக்குப் பின் மகாராஷ்டிரத்தின் அலிபாக் அருகே குடியேறி, போருக்கும் அணுகுண்டுக்கும் எதிரான மக்கள் இயக்கங்களில் முன்னின்றார். 1994இல் உருவான பாகிஸ்தான்-இந்திய மக்கள் மன்றத்தில் இரு நாட்டுக் குடிமக்களும் நேரில் கூடி, படைச்செலவைக் குறைக்கக் கோரினர். ஆயுதங்களின் விலையை உள்ளிருந்தே அறிந்தவர் என்பதால் ராம்தாஸின் சொல்லுக்குத் தனி எடை இருந்தது.

இதே அணுகுண்டு எதிர்ப்பு நோக்கில், பொக்ரான் அணுச்சோதனையின் முதலாண்டு நிறைவன்று, 1999 மே 11இல், அங்கிருந்தே ஓர் அமைதி நடைப்பயணம் புறப்பட்டது. இடையில் கார்கில் போர் மூண்டது; நடை நிற்கவில்லை. சுமார் 1,500 கி.மீ. கடந்து, ஹிரோஷிமா நாளான ஆகஸ்ட் 6 அன்று சாரநாத்தில் முடிந்தது.

2004இல் ராம்தாஸும் பாகிஸ்தானின் மனித உரிமை ஆர்வலர் ஐ. ஏ. ரஹ்மானும் மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டனர்.