ஃப்ளை ராடுல இருக்கிற அந்த நம்பர்: எந்தத் தண்ணிக்கு எது?

ஃப்ளை ஃபிஷிங் பத்திப் பேசினதுல இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி: "ஒரே ஒரு ராட் வாங்கணும்னா எது வாங்கலாம்?" நான் பதிலுக்குக் கேட்கிறது: "எந்தத் தண்ணியில நிக்கப் போறீங்க?"

முதல்ல அந்த நம்பர். நம்ம ஊர் தூண்டில்ல முனையில இருக்கிற ஈயக்குண்டும் இரையும்தான் நரம்பை இழுத்துட்டுப் போகும். ஃப்ளைங்கிறது முள்ளுல சுத்தின இறகும் நூலும். எடைன்னு பெருசா எதுவும் கிடையாது. அதனால இங்க நாம வீசுறது லைனைத்தான். ராட் வில்லு மாதிரி வளைஞ்சு அதைத் தள்ளுது. ராடுல 5-ன்னு போட்டிருந்தா, முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கிற லைனுக்கானதுன்னு அர்த்தம். 3-ன்னா சுமார் 6.5 கிராம், 8-ன்னா 13.6. ராட், லைன் ரெண்டும் ஒரே நம்பரா இருக்கணும். எங்க பாஷையில, வெர்ஷன் ஒத்துப்போகலைன்னா தனித்தனியா நல்ல சரக்கா இருந்தாலும் சேர்ந்து ஓடாது.

இப்போ இமாச்சலத்துல தீர்த்தன் ஆறு. பிரவுன் ட்ரௌட், பாறை, ஜில்லுனு வேகமான தண்ணி. கடைக்காரர் 9 அடி, 5 நம்பர் கொடுப்பார்; இங்க அது சரிதான். ராட் நீளமா இருந்தா லைனைத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிக்கலாம். இல்லைன்னா நடுவுல ஓடுற வேகமான நீர் லைனை இழுக்கும், கூடவே ஃப்ளையும் இழுபடும். எந்தப் பூச்சியும் அப்படி மிதக்காது. ட்ரௌட்டுக்கு அது தெரியும்! ஆனா அதே ராடை மரக்கிளை மூடின குறுகலான ஓடைக்கு எடுத்துட்டுப் போனா, பாதி நேரம் கிளையில மாட்டினதை எடுக்கிறதுலயே போயிடும். அங்க ஏழு, ஏழரை அடி, 3 நம்பர் போதும்.

மாசீர் வேற கதை. கோல்டன் மாசீர் அழியும் ஆபத்துல இருக்கிற மீன். அனுமதி இருக்கிற இடத்துலகூட பிடிச்சுத் திருப்பி விடணும். "சின்ன ராடுல பெரிய மீன் பிடிச்சா கெத்து"ன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. மெல்லிய ராடுல மீனை அடக்க ரொம்ப நேரம் ஆகும். அது முழுசா களைச்சுப் போகும். விட்டதும் நீந்திப் போற மாதிரி தெரியும், அப்புறம் செத்தும் போகலாம். மாசீருக்கு 8 அல்லது 9 நம்பர் எடுங்க, சீக்கிரம் கரைக்குக் கொண்டு வந்து விட்டுடலாம்.

கடலுக்கும் 8-தான், காத்தைக் கிழிச்சுட்டுப் போக எடை வேணும். ரீல் உப்புத்தண்ணிக்கானதா இருக்கணும்.

பட்ஜெட் கம்மியா? ராடுல மிச்சம் பிடிங்க, லைன்ல வேண்டாம். நாலு துண்டா கழட்டுற மாடலா பாருங்க. 9 அடி ராட் ரெண்டேகால் அடியா சுருங்கி ரயில் பெர்த்துக்குக் கீழே போயிடும். இமாச்சலம் போறவங்க மீன்வளத் துறை லைசென்ஸ் வாங்கிடுங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ட்ரௌட் முட்டையிடுற காலம், அப்போ பிடிக்கத் தடை. டிக்கெட் மார்ச்சுக்கு அப்புறம் போடுங்க.