குளிர் வருமுன் பாய்லரைப் பாருங்கள்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் எங்கள் நலப் பிரிவுக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வருகின்றன. வீட்டில் ஹீட்டிங் நின்றுவிட்டது, வெந்நீர் இல்லை, கைக்குழந்தை இருக்கிறது, வந்து பார்த்தவர் புது பாய்லர்தான் போட வேண்டும் என்கிறார், இரண்டாயிரம் மூவாயிரம் பவுண்ட் கேட்கிறார், என்ன செய்வது என்று கேட்கிறார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு நாலு பேரிடம் விசாரிக்க நேரம் இருக்காது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார். பாய்லரைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் அது நின்றுபோன இரவு அல்ல. வெயில் இருக்கும் மாதங்கள்தான்.

ஊரில் பாய்லர் என்றால் நமக்கு டீக்கடைப் பாய்லர்தான் ஞாபகம் வரும். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் அது சமையலறைச் சுவரில் தொங்கும் ஒரு கேஸ் பெட்டி. ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் அனுப்பி வீட்டைச் சூடாக்குவதும், குழாய்க்கு வெந்நீர் தருவதும் அதன் வேலை. அதை மாற்றுவதா வேண்டாமா, மாற்றினால் எதை வாங்குவது என்பதை இங்கே முறையாகச் சொல்கிறோம். சட்டம் பற்றிய விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை.

முதலில் உயிர்

கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல், காரணமில்லாத சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் அதைச் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிவதும், பாய்லரைச் சுற்றிக் கரி படிவதும் எச்சரிக்கைகளே.

சந்தேகம் வந்தால் கேஸை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு கேஸ் அவசர எண்ணான 0800 111 999 என்பதை அழையுங்கள். இது இரவும் பகலும் இயங்கும் இலவச எண். கேஸ் வாசனை வந்தாலும் இதே எண்தான். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் 999.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அதிக விலையில்லாத பொருள். பாய்லர் இருக்கும் அறையில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பாய்லர் நின்றுவிட்டது என்பதற்காகக் கரி அடுப்பையோ பார்பெக்யூவையோ வீட்டுக்குள் மூட்டி யாரும் குளிர்காயக் கூடாது. கேஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும் ஆபத்து.

வாடகை வீடா? செலவு உங்களுடையது அல்ல

எங்களிடம் வருபவர்களில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். வீட்டுக்காரர் முகம் கோணுவாரோ, காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சி, சொந்தக் காசில் பாய்லரைச் சரி செய்தவர்களும் உண்டு. 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, வழக்கமான வாடகை வீடுகளில் ஹீட்டிங்கையும் வெந்நீர் வசதியையும் நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. கவுன்சில் வீட்டுக்கும் இதுவே.

ஆண்டுக்கு ஒருமுறை பதிவு பெற்ற கேஸ் பொறியாளரைக் கொண்டு அவர் பாதுகாப்புச் சோதனை செய்ய வேண்டும். அதன் சான்றின் நகலை 28 நாட்களுக்குள் உங்களிடம் தர வேண்டும். கேஸ் பாய்லர் உள்ள அறையில் மக்கள் புழங்குவார்கள் என்றால் அங்கே கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் 2022 அக்டோபர் 1 முதல் அவருடைய கடமை.

பாய்லர் பழுதானால் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தேதி போட்டு மின்னஞ்சலோ கடிதமோ அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் புகார் செய்யலாம்.

உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

சொந்த வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பாய்லர் ஓடாததற்குச் சில நேரம் மிகச் சிறிய காரணமே இருக்கும். ஆளைக் கூப்பிடுமுன் இவற்றைப் பாருங்கள்:

• பிரீபேமென்ட் மீட்டரில் பணம் இருக்கிறதா? தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்துவிட்டதா?

• பாய்லரின் அழுத்தமானி என்ன காட்டுகிறது? குளிர்ந்திருக்கும்போது பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால், கையேட்டில் சொன்னபடி நீர் நிரப்பும் குழாயைத் திறந்து ஏற்றிக்கொள்ளலாம். வாரந்தோறும் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, ஆளைக் கூப்பிடுங்கள்.

• வெளியே உறைபனியா? பாய்லரிலிருந்து வெளிச்சுவர் வழியாக இறங்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் நீர் உறைந்து அடைத்திருக்கலாம். அதன்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, பிறகு ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். கொதிநீர் ஊற்றக் கூடாது.

• ரேடியேட்டர் மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. கீழே குளிர்ந்து மேலே சூடாக இருந்தால் சேறு படிந்திருக்கிறது. இரண்டும் பாய்லரின் குற்றம் அல்ல.

பம்ப், வால்வு போன்ற உறுப்புகள் கெட்டால் அவற்றை மட்டும் மாற்றலாம். உதிரி பாகம் கிடைக்காமல் போவது, வெப்பப் பரிமாற்றியே விரிசல் விடுவது, பாதுகாப்பு இல்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுப்பது, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை செலவு வைப்பது ஆகியவையே முழுதாக மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள்.

“புது பாய்லர் போட்டால் கேஸ் பில் பாதியாகும்” என்று சொல்வோரிடம் கவனமாக இருங்கள். 2005 ஏப்ரலிலிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர் ‘கண்டென்சிங்’ வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. புகையோடு வெளியேறும் நீராவியை நீராகக் குளிரவைத்து, அதிலுள்ள வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை அது. மேலே சொன்ன மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அந்த நீரை வெளியேற்றத்தான். அந்தக் குழாய் இருந்தால் உங்கள் பாய்லர் ஏற்கெனவே கண்டென்சிங் வகைதான். மாற்றுவதால் மட்டும் பில் பெரிதாகக் குறையாது.

அதற்கு முந்தைய பழைய பாய்லர் நூற்றுக்கு எழுபது பங்கு வெப்பம் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். புதியது 92 பங்கு தரும் என்றால், முன்பு 100 பவுண்டுக்கு எரித்த இடத்தில் இனி சுமார் 76 பவுண்ட் ஆகும். நல்ல சேமிப்புதான். ஆனால் அதுவும் பாதி அல்ல.

எந்த வகை நம் வீட்டுக்கு?

‘காம்பி’ பாய்லர், குழாயைத் திறந்தவுடன் நீரைச் சூடாக்கித் தரும். தொட்டி வேண்டாம், இடம் மிச்சம். ஒரு குளியலறை உள்ள சிறிய வீட்டுக்குப் பொருத்தமானது.

‘சிஸ்டம்’ பாய்லரோடு வெந்நீர் சேமிக்கும் பெரிய சிலிண்டர் இருக்கும். அலமாரி அளவு இடம் பிடித்தாலும், இரண்டு மூன்று குழாய்களை ஒரே நேரத்தில் திறக்கலாம். சிலிண்டரில் மின்சார ஹீட்டரும் இருந்தால், பாய்லர் நின்ற நாளிலும் குளிக்க வெந்நீர் கிடைக்கும்.

பரணில் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் பழைய வீடுகளில் இருப்பது ‘ஹீட் ஒன்லி’ வகை. இருக்கும் குழாய்களையும் சிலிண்டரையும் வைத்துக்கொண்டு பாய்லரை மட்டும் மாற்ற அது எளிது.

நம் வீடுகளில் வாப்பா, உம்மா, பிள்ளைகள், மருமகள் என்று பலர் சேர்ந்து இருப்போம். சுபுஹு நேரத்தில் ஒருவர் குளிக்க, ஒருவர் ஒளு செய்ய, சமையலறையிலும் குழாய் ஓடும். இந்த நேரத்தில்தான் காம்பி திணறும். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் நீரை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். 24 கிலோவாட் காம்பியால் அப்படி நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவுக்குத்தான் தர முடியும். 30 கிலோவாட் என்றால் சுமார் 12 லிட்டர். ஒரு நல்ல ஷவருக்கே அதில் பெரும்பகுதி போய்விடும்.

தெருக் குழாயில் வரும் நீரைவிட அதிகமாக எந்தக் காம்பியும் தராது. சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வாளியில் விழுகிறது என்று அளந்து பாருங்கள். எட்டு லிட்டர்தான் வருகிறது என்றால், பெரிய காம்பி வாங்குவது வீண்.

பெரியது நல்லது அல்ல

வெந்நீருக்குத்தான் 24, 30 கிலோவாட் எல்லாம். வீட்டைச் சூடாக்க, பல சாதாரண வரிசை வீடுகளுக்கு 10 கிலோவாட்டே போதும். ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: “இது எவ்வளவு குறைவாக இறங்கி எரியும்?” குறைந்த அளவுக்கு இறங்க முடியாத பாய்லர் அடிக்கடி எரிந்து அணையும், கேஸும் வீண், உறுப்புகளும் தேயும்.

காம்பி வைத்திருப்பவர்கள் இன்றே, செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரேடியேட்டருக்குப் போகும் நீர் பல வீடுகளில் 75, 80 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கும். திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நீராவி நீராகி அதன் வெப்பம் நமக்குக் கிடைக்கும். அதனால் ஹீட்டிங் அளவை 60 டிகிரிக்குக் குறைத்துப் பாருங்கள். அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், கேஸ் மிச்சமாகும். வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்து, அறை போதிய சூடு அடையவில்லை என்றால் மறுபடி கூட்டிவிடுங்கள். சிலிண்டர் உள்ளவர்கள் பொறியாளரைக் கேட்காமல் குறைக்க வேண்டாம். தேங்கிய நீரில் கிருமி வளராமலிருக்க அது 60 டிகிரி வரை சூடாக வேண்டும்.

ஹீட் பம்ப்

மாற்றத்தான் போகிறோம் என்று முடிவானால், வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்பையும் விசாரியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் அப்கிரேட் திட்டத்தின்கீழ் அதற்கு 7,500 பவுண்ட் அரசு மானியம் உண்டு. பொருத்துபவரே விண்ணப்பித்து விலையில் கழித்துக்கொள்வார். நன்றாகப் பொருத்தினால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். ஆனால் மின்சாரம் கேஸைவிடப் பல மடங்கு விலை. வீட்டில் வெப்பம் வெளியே போகாத காப்பும், போதிய அளவு ரேடியேட்டரும், சிலிண்டருக்கு இடமும் இருந்தால்தான் கணக்கு சரிவரும்.

யாரிடம் ஒப்படைப்பது?

கேஸ் வேலை செய்பவர் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இது சட்டம். தெரிந்த பையன், சொந்தக்காரர், குறைந்த கூலி என்பதெல்லாம் இதில் செல்லாது. அவருடைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புகைப்படமும் காலாவதித் தேதியும் முன்பக்கம். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கம். அந்த எண்ணை ரெஜிஸ்டரின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டால் நல்ல பொறியாளர் கோபப்பட மாட்டார்.

மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பழைய குழாய்களையும் ரேடியேட்டர்களையும் கழுவுவது, துரு பிடிக்கும் காந்த வடிகட்டி, துருத் தடுப்பு மருந்து, தெர்மோஸ்டாட், பழையதை அகற்றுவது, எத்தனை ஆண்டு வாரன்ட்டி என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். சேற்றைக் கழுவாமல் புது பாய்லர் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கெடும். வாரன்ட்டியும் கைகொடுக்காமல் போகலாம்.

வேலை முடிந்ததும் நிரப்பிய பெஞ்ச்மார்க் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பொறியாளர் 30 நாட்களுக்குள் பதிவு செய்ய, கட்டட விதிச் சான்றிதழ் பிறகு தபாலில் வரும். வீட்டை விற்கும்போது இது தேவைப்படும். ஆண்டுதோறும் சர்வீஸ் செய்தால்தான் பெரும்பாலான வாரன்ட்டிகள் நிலைக்கும்.

பணம்

வாசலில் வந்தோ தொலைபேசியிலோ “இலவச பாய்லர்” என்பவரிடம் வங்கி விவரம் கொடுக்காதீர்கள். அரசு உதவி உண்டா என்பதை உங்கள் கவுன்சிலில் கேளுங்கள். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். ஆனால் அதற்குள் வேலையைத் தொடங்கச் சொல்லியிருந்தால், செய்த வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டிவரும்.

மாதத் தவணைத் திட்டங்களில் பல வட்டியோடு வருபவை. பத்து ஆண்டுகள் கட்டினால் மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். தொகையைப் பார்த்தாலே பலர் பின்வாங்குவார்கள். வட்டியில் விழாமல் இருக்க, வெயில் காலத்திலிருந்தே மாதம் கொஞ்சம் ஒதுக்குவதே சிறந்த வழி. முடியாதவர்கள் கையெழுத்துப் போடுமுன் எங்களிடம் வாருங்கள். வட்டியில்லாக் கடனுக்கு வழி இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்.

ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் நலப் பிரிவு மேசையில், மதிப்பீட்டுத் தாள்களைப் படித்துச் சொல்லவும், வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது மூன்றுதான்: அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பாய்லரின் சர்வீஸ் தேதியைப் பாருங்கள், ஹீட்டிங்கைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவர் யாராவது இருந்தால் அவர் வீட்டிலும் இதைச் செய்து கொடுங்கள். பில்லுக்கு அஞ்சி ஹீட்டிங்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.