கடல் கடக்கும் மின் உபகரணங்கள்: கவனிக்க வேண்டியது பிளக் மட்டுமல்ல

1983 ஆம் ஆண்டின் பின்னர் யாழ். குடாநாட்டிலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் புலம்பெயர்ந்தோர் பல்லாயிரவர். தொழிலின் பொருட்டு மத்திய கிழக்குக்குச் செல்லும் தமிழ், முஸ்லிம் மக்களும் அநேகர். இவர்களது பயணப் பொதிகளில் மிளகாய்த்தூள், ஒடியல் மா ஆகியவற்றோடு கிறைண்டர், றைஸ் குக்கர் போன்றனவும் இடம்பெறுவதுண்டு. விடுமுறையில் ஊர் திரும்புவோர் உறவினருக்கு அங்கிருந்து மின் உபகரணங்களை அன்பளிப்பாகக் கொண்டுவருவதும் வழமை. இரு சந்தர்ப்பங்களிலும் பிளக் பொருந்துமா என்றே பலர் பார்க்கின்றனர். ஆனால் முதலில் பார்க்கவேண்டியது வோல்ற்றளவையே.

இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆகும். பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் இதே அளவே உள்ளது. பிரித்தானியாவின் 13 அம்பியர் சதுரமுனைப் பிளக் நமது வீடுகளிலும் உண்டு. ஏனைய நாடுகளில் பிளக்கின் வடிவம் மாத்திரமே வேறு. அதற்கு ஓர் அடப்டர் போதும்.

கனடாவின் நிலை வேறு. அங்கு 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். கேத்தல், மின் அழுத்தி போன்ற வெப்பமூட்டும் உபகரணங்களில் வோல்ற்றளவு பாதியாகக் குறைந்தால் வலு காற்பங்காகிவிடும். இங்கு 2000 வாற்றில் இயங்கும் கேத்தல் அங்கு ஏறத்தாழ 540 வாற்று மட்டுமே பெறும். நீர் கொதிக்க நெடுநேரமாகும். மறுபுறம், கனடாவிலிருந்து கொண்டுவரப்படும் 1000 வாற்றுக் கேத்தலை இங்கு இணைத்தால் அது 3600 வாற்றுக்கு மேல் இழுக்கும். கம்பிச்சுருள் எரிந்துபோவதுடன் தீவிபத்தும் நேரலாம்.

அடப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ற்றளவை மாற்றாது. அதனை மாற்றுவது நிலைமாற்றியாகும். 750 வாற்றுக் கிறைண்டருக்கு அதனிலும் கூடிய கொள்ளளவுள்ள நிலைமாற்றி தேவை. அது பாரமானது, விலையும் அதிகம், மீடிறனையும் மாற்றமாட்டாது. கனடாவின் வோல்ற்றளவுக்கென இந்தியாவில் தயாரிக்கப்படும் கிறைண்டர்கள் அங்கேயே கிடைப்பதால், புதிதாக வாங்குவதே சிக்கனம்.

சவூதி அரேபியாவிலிருந்து வரும் பழைய உபகரணங்களிலும் அவதானம் தேவை. அங்கு முன்னர் வீடுகளில் 127 வோல்ற்று வழக்கிலிருந்தது. 2010 இன் பின்னரே 230 வோல்ற்றுக்கு மாறும் பணி தொடங்கியது. மீடிறன் இன்றும் 60 ஹேர்ட்ஸ் ஆகும்.

ஐரோப்பிய பிளக்குகளால் வேறோர் அபாயம் உண்டு. ஜேர்மனியப் பிளக்கில் புவித்தொடுப்பு பக்கவாட்டு உலோகத் தகடுகளில் அமைந்துள்ளது. சதுரத் துளையின் மூடியைப் பேனை முனையால் திறந்து அதனைச் செருகினால் உபகரணம் இயங்கும். ஆனால் புவித்தொடுப்புக் கிடைக்காது. உலோக உடலுள்ள மின் அழுத்தியில் ஒழுக்கு ஏற்பட்டால் தொடுபவரின் உடலூடாகவே மின் பாயும். சிறுவர்கள் உள்ள வீடுகளில் இப்பழக்கத்தை அறவே கைவிடவேண்டும்.

கையடக்கத் தொலைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்களில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ற்று, 50/60 ஹேர்ட்ஸ் எனப் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை எங்கும் பயன்படுத்தலாம். ஏனையவற்றைப் பொதியில் வைக்குமுன், அடியில் அல்லது பின்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் வோல்ற்று, ஹேர்ட்ஸ், வாற்று ஆகிய மூன்றையும் வாசித்து, செல்லும் நாட்டின் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தகட்டில் ஒரே வோல்ற்றளவு மட்டும் குறிக்கப்பட்டு, அது அந்நாட்டின் அளவுக்குப் பொருந்தாதாயின் அப்பொருளை விட்டுச் செல்வதே உசிதம்.