கிளிமீன்

இந்தியாவுக்குத் தென்மேற்கே, கடல் நடுவில், ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளைக் கொண்டது மாலத்தீவு. அத்தீவுகளின் கரைமணல் பால்போல் வெளுத்திருக்கும். அம்மணலில் பெரும்பகுதி ஒருவகை மீனின் குடலிலிருந்து வந்ததென்றால் நம்புதல் அரிது. அம்மீனே கிளிமீன்.

கிளிமீன் வாழுமிடம் பவளப் பாறை. பவளப் பாறை வெறுங்கல்லன்று. பவளப் பூச்சி எனப்படும் சிற்றுயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பினால் கட்டிய மாளிகை. பச்சையும் நீலமும் இளஞ்சிவப்பும் விரவிய உடலும், பற்கள் ஒன்றோடொன்று இணைந்து கிளிமூக்குப் போல் அமைந்த வாயும் உடைமையால் இம்மீன் இப்பெயர் பெற்றது. இவ்வழகு பெரும்பாலும் ஆண்மீனுக்கே உரியது. எனினும், பல இனங்களில் பெண்மீன் வளர்ந்து ஆணாக மாறுவதுண்டு. அப்போது அதற்கும் புதுநிறம் வாய்க்கும்.

பாறைமேல் படரும் பாசியும் அதனுள் உறையும் நுண்ணுயிர்களுமே இதன் உணவு. அவற்றைப் பெறும்பொருட்டுப் பாறையையே இது கொறிக்கும். அவ்வோசை நீரில் மூழ்கியோர் செவிக்கும் எட்டும். தொண்டையிலுள்ள மற்றொரு பல்வரிசை, விழுங்கிய கல்லைத் திரிகைபோல் அரைக்கும். உணவு உடலிற் சேரச் சுண்ணாம்பு வெண்மணலாய் வெளியேறும். மாலத்தீவின் வக்காரு என்னும் தீவை ஆராய்ந்த அறிஞர், அங்குப் புதிதாகத் தோன்றும் மணலில் நூற்றுக்கு 85 பங்கிற்கும் மேல் கிளிமீன் ஆக்கியதே என 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இரவில் சில இனங்கள் வாயிலிருந்து கசியும் பசையால் மெல்லிய உறையொன்றைச் சமைத்து அதனுள் உறங்கும். கொசுவலை நம்மைக் காப்பதுபோல, அவ்வுறை குருதி உறிஞ்சும் சிற்றுயிர்களினின்று மீனைக் காக்கும். மனிதனின் ஈட்டியைத் தடுக்கும் வலிமை அதற்கில்லை.

1998இல் கடல்நீர் மிகையாக வெப்பமுற்றமையால் மாலத்தீவுப் பவளங்களில் மிகப்பல வெளிறி மடிந்தன. 2016இலும் அத்துன்பம் நேர்ந்தது. இறந்த பவளத்தைப் பாசி விரைந்து மூடும். மூடிவிடின், நீரில் மிதந்துவரும் பவள இளம்பூச்சிகள் பற்றி வளர இடமிராது. கிளிமீன் அப்பாசியை மேய்ந்து இடம் ஒழித்துத் தருகிறது. அத்தீவுகளின் நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரமும் இல்லாதது. அலை அரிக்கும் மணலுக்கு ஈடாகப் புதுமணல் சேராவிடின், அங்கு வாழும் மக்கள் கால் ஊன்றும் நிலமே குறையும்.

கிளிமீனின் இத்தொண்டினை அறிந்து, பவளப் பாறைகள் மிக்க மற்றொரு நாடாகிய நடு அமெரிக்காவின் பெலீசு, 2009ஆம் ஆண்டில் இம்மீனைப் பிடித்தலைச் சட்டத்தால் தடுத்தது.