சீனத்திலும் "நீ" என்றால் நீதான்!
உருமாறாத வினைச்சொற்கள், எளிய இலக்கணம்

"சீன மொழிக்கு இலக்கணமே கிடையாது!"

ஒரு காலத்தில் ஐரோப்பியப் பண்டிதர்கள் பலர் இப்படித்தான் நினைத்தார்கள். சீனத்தில் வேற்றுமை உருபு இல்லை. ஆண்பால், பெண்பால் விகுதி இல்லை. வினைச்சொல்லில் காலம் தெரிவதில்லை. பிறகு இலக்கணம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.

ஜெர்மன் பண்டிதர் ஆகஸ்ட் ஷ்லைஹர் (1821-1868) உலக மொழிகளை மூன்று படிகளாகப் பிரித்தார். சொல் உருமாறாத சீனம் கீழ்ப்படி. உருபுகளை ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகும் மொழிகள் நடுப்படி. லத்தீனும் சம்ஸ்கிருதமும் மேற்படி. தமிழும் உருபுகளை ஒட்டும் வகைதான். ஆகவே இந்த ஏணியில் நமக்கும் மேற்படி கிடையாது!

மொழியியலார் இந்த ஏணியை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்கள். ஆனால் "சீனம் படிக்க முடியாத மொழி" என்ற பயம் மட்டும் போகவில்லை. அந்தப் பயம் நியாயந்தானா? பார்ப்போம்.

நாட்டின் கவலை

இலக்கண நூல் இல்லாத குறையை முதலில் உணர்ந்தவர்கள் வெளிநாட்டுப் பாதிரிமார்கள். பிரான்சிஸ்கோ வாரோ என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதிய சீன இலக்கணம், அவர் காலமான பிறகு 1703-ல் கான்டன் நகரில் அச்சாயிற்று. லத்தீன் இலக்கணத்தைச் சட்டமாக வைத்துக்கொண்டு, அதற்குள் சீனத்தை அடக்கப் பார்த்தார் அவர்.

சீனர் ஒருவர் மேல்நாட்டு முறையில் எழுதிய முதல் இலக்கணம் 1898-ல் வெளிவந்தது. எழுதியவர் மா ஜியன்ஜோங். பிரான்சுக்குச் சென்று படித்தவர். அவருடைய ஆதங்கம் இதுதான்: நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்பதிலேயே வருடக்கணக்கில் வயதைக் கழிக்கிறார்கள், இலக்கண விதிகளைச் சொல்லிக் கொடுத்தால் சீக்கிரம் கற்றுத் தேறுவார்கள், மிச்சமாகும் காலத்தில் விஞ்ஞானமும் பிற கலைகளும் படிக்கலாம். நாடு பின்தங்கிக் கிடந்த நேரம் அது. மொழிப் பாடம் அவருக்கு நாட்டின் எதிர்காலமாகவே தெரிந்தது. புத்தகம் வந்து இரண்டே ஆண்டுகளில் அவர் காலமாகிவிட்டார்.

இனி பாடத்துக்கு வருவோம். பெய்ஜிங் பேச்சை அடிப்படையாகக் கொண்ட பொதுச் சீனத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தாய்மொழியாக மட்டும் 90 கோடிப் பேருக்கு மேல் பேசுகிறார்கள்.

ஒரே "லாய்"

சீனத்தில் "நீ" என்றால் நீதான்! "வோ" என்றால் நான். "தா" என்றால் அவன், அவளும் "தா"தான், அதுவும் "தா"தான். மரியாதையாகச் சொல்வதென்றால் "நின்", அதாவது தாங்கள். (நீ என்ற ஒற்றுமை தற்செயலானது. இரண்டு மொழிகளுக்கும் உறவு கிடையாது.)

"லாய்" என்றால் வா. இப்போது கேளுங்கள்: வோ லாய், நீ லாய், தா லாய். வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று நாம் முடிவை மாற்றிக்கொண்டே போகிறோம். சீனருக்கு எல்லாம் ஒரே "லாய்". மனப்பாடம் செய்ய வாய்பாடு எதுவும் இல்லை.

பலரைச் சொல்ல "மென்" சேர்த்தால் போதும். வோமென் என்றால் நாங்கள். நீமென் என்றால் நீங்கள். இன்னொரு அதிசயமும் உண்டு. ஆங்கிலத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது அல்லவா? பெய்ஜிங் பேச்சில் அது உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் "நாம்" அங்கே "ட்ஸான்மென்". வெள்ளைக்காரர்கள் விழித்துக்கொண்டு நிற்கும் இந்த இடத்தில் தமிழருக்குத் தொல்லையே இல்லை.

காலம் எங்கே?

வினைச்சொல் மாறாவிட்டால், நேற்று நடந்ததா, நாளை நடப்பதா என்று எப்படித் தெரியும்? முதல் வழி, காலத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. "மிங்தியென்" என்றால் நாளை. "வோ மிங்தியென் லாய்" என்றால் நான் நாளை வருவேன்.

இரண்டாவது வழி, வினையை ஒட்டி வரும் சின்னஞ்சிறு சொற்கள். இவற்றைச் சீனப் பண்டிதர்கள் "வெற்றுச் சொற்கள்" என்பார்கள். பொருள் நிறைந்தவை "நிறை சொற்கள்". பெயர்தான் வெற்று, வேலை பெரிது!

"தா லாய் லெ" என்றால் அவன் வந்துவிட்டான். வேலை முடிந்தது, நிலைமை மாறியது என்று காட்டுவது "லெ".

"வோ கான் குவோ" என்றால் நான் பார்த்திருக்கிறேன். அதாவது, அந்த அனுபவம் எனக்கு உண்டு. "கான்" என்றால் பார். நம் "காண்" போல ஒலிப்பதும் தற்செயல்தான்.

"தா ட்ஸாய் கான் ஷு" என்றால் அவன் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். "ஷு" என்றால் புத்தகம்.

"மென் காய் ஜெ" என்றால் கதவு திறந்திருக்கிறது. ஒரு நிலை நீடிப்பதை "ஜெ" காட்டுகிறது.

விட்டான், இருக்கிறேன், கொண்டிருக்கிறான் என்று துணைவினைகளை வைத்து நாம் செய்யும் வேலையைத்தான் இந்தச் சிறு சொற்கள் செய்கின்றன.

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கி விழும் இடம் "லெ"தான். அதை இறந்தகாலம் என்று நினைத்துக்கொண்டு, நேற்றைய செய்தி எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுவார்கள். அது சரியல்ல. "நாளை அவர் வந்ததும் சாப்பிடலாம்" என்கிறோம். நாளைக்குத்தானே வரப்போகிறார்? பிறகு ஏன் "வந்ததும்"? அந்த நேரத்தில் வருகை முடிந்திருக்கும் என்பதற்காகத்தான். அதே இடத்தில் சீனரும் "லெ" போடுகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மாட்டேன் வேறு, இல்லை வேறு

மறுப்பதற்கு இரண்டு சொற்கள். "வோ பு மாய்" என்றால் நான் வாங்க மாட்டேன். "வோ மெய் மாய்" என்றால் நான் வாங்கவில்லை. கடைக்காரரிடம் இரண்டையும் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? இன்னும் வாங்கவில்லை என்று சொல்ல நினைத்தவர், வாங்கவே மாட்டேன் என்று முகத்தில் அடித்தது போல் சொன்னதாகிவிடும். "மெய்" வந்தால் முடிவைக் காட்டும் "லெ" விலகிக்கொள்ளும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்பது மிகவும் சுலபம். கடைசியில் "மா" போட்டால் போதும். "நீ லாய் மா?" என்றால் நீ வருகிறாயா? நம்முடைய "ஆ" நிற்கும் அதே இடம்! "நீ லாய் பு லாய்?" என்றும் கேட்கலாம். வருவாயா, மாட்டாயா என்று பொருள்.

ஆம், இல்லை என்று தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வினைச்சொல்லையே திருப்பிச் சொன்னால் போதும். "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன்" என்கிறோமே, அதைப் போல. சந்தித்ததும் "சாப்பிட்டாயா?" என்று விசாரிக்கும் பழக்கமும் சீனரிடம் உண்டு!

கடித்தது யார்?

உருபு இல்லாத மொழியில் சொல் நிற்கும் இடந்தான் எல்லாம். "கோ யாவ் ழென்" என்றால் நாய் மனிதனைக் கடித்தது. "ழென் யாவ் கோ" என்றால் மனிதன் நாயைக் கடித்தான்; பத்திரிகைக்குச் செய்தி ஆகிவிடும்! தமிழில் "மனிதனை" என்ற சொல்லை எங்கே வைத்தாலும் கடிபட்டவன் மனிதன்தான். சீனத்தில் அந்தச் சலுகை இல்லை. முதலில் செய்பவன், பிறகு வினை, அதன் பிறகுதான் செயப்படுபொருள். வினையைக் கடைசியில் வைத்தே பழகிய நம் நாக்குக்கு இது ஒரு பயிற்சி. ("ழென்" என்பதன் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிகவும் நெருங்கியது. அதைச் சொல்ல நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.)

ஆனால், அடைமொழி என்று வந்துவிட்டால் சீனம் நம் பக்கம் சாய்கிறது. "வோ மாய் தெ ஷு" என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் "நான் வாங்கிய புத்தகம்". வரிசை அப்படியே தமிழ் வரிசை! ஆங்கிலத்தில் புத்தகத்தை முன்னால் சொல்லிவிட்டு, வாங்கிய கதையைப் பின்னால் சொல்ல வேண்டும்.

எண்ணும்போது ஒரு நடைமுறை உண்டு. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஓர் அளவுச்சொல் வர வேண்டும். "சான் கெ ழென்" என்றால் மூன்று பேர். புத்தகத்துக்கு "பென்". காகிதம், மேஜை போன்ற பரந்த பொருள்களுக்கு "ஜாங்". ஆறு, பாதை, மீன் போல நீண்டவற்றுக்கு "தியாவ்". எது என்று மறந்துவிட்டால் "கெ" என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

உண்மையான சிரமம்

சிரமமே இல்லை என்று சொன்னால் அது பொய். சீனத்தில் சொல்லின் ராகமும் பொருளைச் சேர்ந்தது. அடிப்படை ராகங்கள் நான்கு. "மாய்" என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் வாங்கு. மேலிருந்து சட்டென்று இறக்கிச் சொன்னால் வில்! வாங்க வந்தவர் விற்க வந்தவராகிவிடலாம். எழுத்துகளும் ஆயிரக்கணக்கில் உண்டு.

ராகத்தைக் குறியிட்டுக் காட்ட ரோமன் எழுத்தில் "பின்யின்" என்ற முறையை 1958-ல் சீன அரசு ஏற்றது. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் ஜோ யோகுவாங். 1906-ல் பிறந்த அவர், 111 வயது நிறைந்த மறுநாள், 2017-ல் காலமானார். பள்ளிப் பிள்ளைகள் முதல் கைப்பேசியில் எழுதுவோர் வரை கோடிக்கணக்கானவர்கள் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

தமிழும் சீனமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது புதிய காட்சியும் அல்ல. சீனத் துறைமுகமான சுவான்ஜோவில் 1281-ம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் சீன எழுத்துகளும் உண்டு. 1409 என்று தேதியிட்ட காலிக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள்ளன. அது இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கப்பலிலும் துறைமுகத்திலும் இரு மொழிகளுக்கும் நடுவே யாரோ நின்று வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்யினும் கிடையாது, அச்சிட்ட இலக்கணமும் கிடையாது!

ஆகவே, படிக்க விரும்புகிறவர்கள் எழுத்தைக் கண்டு மிரள வேண்டாம். வா, போ, பார், வாங்கு, சாப்பிடு போன்ற அன்றாட வினைகளில் ஐம்பதை ராகத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒவ்வொன்றையும் "பு", "மெய்", "லெ", "குவோ", "மா" சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒரே வினையிலிருந்து ஐந்தாறு வாக்கியங்கள் கிடைக்கும். ஐம்பது வினைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!