அறுகோணக் கட்டங்களில் திருகோணமலை

மேசையில் விரித்து ஆடும் போர் விளையாட்டுகளின் வரைபடங்களைப் பெரும்பாலும் அறுகோணக் கட்டங்களே நிரப்பியிருக்கும். சதுரக் கட்டத்தில் மூலைவழியாக நகரும் காய், நேராக நகரும் காயைவிட 1.41 மடங்கு தூரம் போய்விடுகிறது. அறுகோணத்தில் அந்தச் சலுகை இல்லை. அயல் கட்டங்கள் ஆறும் ஒரே தொலைவில் இருக்கின்றன. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் தன் போர் ஆய்வுகளில் கையாண்ட இந்த அமைப்பை, சார்ல்ஸ் ராபர்ட்ஸின் அவலான் ஹில் நிறுவனம் 1961இல் கெற்றிஸ்பேர்க் விளையாட்டின் மறுபதிப்பில் கொண்டுவந்தது.

முன்பு கையால் வரைந்ததை இப்போது மென்பொருள் செய்கிறது. கற்பனை உலகம் வேண்டுமென்றால் வேர்ல்டோகிராஃபர், ஹெக்ஸ் கிட் போன்றவை போதும்: காடு, மலை, கடல் என்று கட்டங்களைத் தெரிந்தெடுத்து நிரப்பலாம். உண்மையான இடத்துக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச நிலப்பட மென்பொருள் பொருத்தமானது. திருகோணமலையை எடுத்துக்கொண்டால், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து கரையோரக் கோட்டை இறக்கி, அதை மீற்றர் அளவில் இயங்கும் யூடிஎம் 44 வடக்கு ஆள்கூற்று முறைக்கு மாற்ற வேண்டும். பாகையிலேயே விட்டால் கட்டத்தின் அகலத்தை மீற்றரில் கொடுக்க முடியாது. பிறகு கட்டவலைக் கருவியில் அறுகோணத்தைத் தெரிந்தெடுத்து அகலத்தைக் கொடுத்தால் வலை உடனே விழுந்துவிடும்.

எந்த அகலம் என்பதுதான் கடினமான கேள்வி. உள்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு சுமார் 16 சதுர கிலோமீற்றர். 5 கிலோமீற்றர் அகலமான ஒரு கட்டத்தின் பரப்பு 21 சதுர கிலோமீற்றருக்கும் மேல். முழுத் துறைமுகமும் அதற்குள் மறைந்துபோகும். 1 கிலோமீற்றர் என்றால் சுமார் 18 கட்டங்கள் கிடைக்கும், ஆனால் சுமார் 500 மீற்றர் அகலமான நுழைவாய் ஒரு கட்டத்தில் பாதியாகிவிடும். 250 மீற்றருக்கு இறங்கினால் நுழைவாய்க்கு இரண்டு கட்டம், துறைமுகத்துக்குச் சுமார் 300 கட்டம். அப்போதுதான் நுழைவாயைக் காக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டைப் பீரங்கிகளுக்கு விளையாட்டில் பொருள் உண்டாகிறது.

அடுத்து, பாதி நிலமும் பாதி நீருமான கட்டங்கள். எது கூடுதலோ அதன் நிறத்தை மென்பொருளைக் கணக்கிட்டுப் பூசச் செய்யலாம். கோணேசர் ஆலயம் நிற்கும் முனையில் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. பிரெட்ரிக் கோட்டை அமைந்த அந்த முனையை ஊரோடு இணைப்பது ஒடுங்கிய நிலம். கடற்பக்கம் செங்குத்துப் பாறை. ஒடுங்கிய நிலத்தைக் கணினி கடலாக்கினால் கோட்டை தீவாகும். இதைக் கையால் திருத்தி, பாறைப் பக்கத்துக் கட்ட ஓரங்களைத் தடித்த கோட்டால் அடைப்பதே நல்ல வரைபடத்தையும் மோசமானதையும் பிரிக்கிறது.

1782ஐ ஆடுவதென்றால் காற்றையும் சேர்க்க வேண்டும். அவ்வாண்டு சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பறித்த கோட்டைகளை, ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் கைப்பற்றினார். செப்டம்பர் 3ஆம் திகதி அவரது 14 கப்பல்களும் பிரித்தானியத் தளபதி ஹியூஸின் 12 கப்பல்களும் துறைமுகத்துக்குத் தென்கிழக்கே மோதின. அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அக்காலத்துப் பெரிய பாய்க்கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 67 பாகைவரைதான் நெருங்க முடியும். அறுகோணத்தின் அடுத்தடுத்த திசைகளுக்கு இடையே 60 பாகை. ஆகவே கட்ட வரிசையொன்றைக் காற்றோடு நேராக வைத்தால் கப்பலின் இயல்பான ஓட்டம் தானாகவே விதியாகிவிடும். வடக்கு நோக்கிய வலையில் தென்மேற்கு இரண்டு வரிசைகளுக்கு இடையில் விழுவதால், வலையை 15 பாகை திருப்ப வேண்டும். வடக்கு அம்புக்குறி தாளில் சரிந்திருப்பதால் ஆட்டத்துக்குக் குறையில்லை.

கடைசியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கிலக்க எண்: 0712 என்றால் 7ஆம் நிரல், 12ஆம் நிரை. வழக்கமான அரை அங்குலக் காய்களுக்குக் கட்டம் 16 மில்லிமீற்றராவது வேண்டும். அந்த அளவில் ஏ1 தாளொன்றில் 250 மீற்றர் வலை சுமார் 13 கிலோமீற்றர் நீளத்தையே கொள்ளும். கோட்டை முற்றுகைக்கு அது போதும். கடற்போருக்கு 1 கிலோமீற்றர் வலையில் இரண்டாவது தாள் தேவை. அதில் 52 கிலோமீற்றர் அடங்கும். அச்சிடாமல் இணையவழி ஆட விரும்புவோர் இரண்டையும் படக்கோப்புகளாக வாசல் என்ற இலவச மென்பொருளில் ஏற்றலாம். எப்படி வெளியிட்டாலும், கரையோரத் தரவு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்களுடையது என்ற குறிப்பு அதனுடன் இருக்க வேண்டும்.